சமையலறை வாசலில் ஒரு பாலம்

என் அக்கா வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கிறவராக இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். இவர் ரயில் விடுகிறவர். வீட்டுக்குள் ரயில் விடுகிற மனுஷரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது? சொன்னால் சிரிக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதானே, வெளியே சுற்றாமல் வீட்டோடு இருக்கிறாரே என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்கூட அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பார்த்ததில்லை.

அத்தானுக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் செதுக்கி, ஈறும் பல்லுமாக அசல் போலச் செய்து கொடுப்பார். கை சுத்தமான வேலைக்காரர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் ஊரை விட்டுப் போகும்போது, தன் மகன் சின்ன வயதில் விளையாடிய ரயிலைப் பெட்டியோடு தூக்கி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணியவானை நான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது மேசை மேல் வைத்து ஓட்டுகிற சின்ன ரயில் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு என்ஜின், அதற்குத் தகுந்த பெட்டிகள். அவ்வளவு பெரிய ரயில் திரும்ப வேண்டுமென்றால் வளைவும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு முழு அறை வேண்டும். அக்கா வீடு மாடி வீடு. ஹால், நடு அறை, சமையலறை என்று மூன்றும் ரயில் பெட்டி மாதிரியே ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். சமையலறைக்கு வேறு வழி கிடையாது. அத்தான் பிடித்துக்கொண்டது நடு அறையை.

முதலில் தரையில்தான் ஓடியது. தரையில் ஓடினால் பொம்மை மாதிரி இருக்கிறது, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே போக வேண்டும், அப்போதுதான் ரயில் என்றார். நாலு சுவரையும் சுற்றி நெஞ்சு உயரத்தில் பலகை அடித்தார். நாலு சுவர் என்றால் இரண்டு வாசலும் அதில் அடக்கம். ஹால் பக்கத்து வாசலில் குறுக்கே வரும் பலகைக்குத் தச்சரைக் கூப்பிட்டுக் கீல் வைத்தார், தூக்கிவிட்டு உள்ளே வரலாம். வருகிற விருந்தாளி குனியக் கூடாதல்லவா. சமையலறை வாசலில் மட்டும் பலகை அப்படியே நின்றது. "கையோட இதுக்கும் ரெண்டு கீல் போட்டுடறேன் சார், அரை நாள் வேலைகூட இல்ல" என்று தச்சர் கேட்டார். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். ஹாலிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வாசல்தானாம். அங்கே பலகை போட்டால் அசிங்கமாம். இரும்புப் பாலம் வர வேண்டும், கப்பலுக்கு வழிவிடுகிற மாதிரி மேலே தூக்குகிற பாலம். அதற்கு அளவான இரும்புச் சட்டம் கிடைக்க வேண்டும்.

"பாலம் கிடைக்கிற வரைக்கும் கொஞ்சம் குனிஞ்சு போய்க்கோ" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவும் சரி என்றாள். அவள் சொன்ன சரிகளையெல்லாம் சேர்த்து வைத்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு மாடியே கட்டலாம்.

அன்றிலிருந்து என் அக்கா தன் சமையலறைக்குள் நிமிர்ந்து போனதில்லை. வெறுங்கையோடு என்றால் குனிந்து போய்விடலாம். கையில் சூடான பாத்திரம் இருந்தால்? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாத்திரத்தை வாசலில் தரையில் வைப்பாள். பலகைக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளுவாள். பிறகு குனிந்து தானும் போய், மறுபடி குனிந்து அதை எடுப்பாள். ஒரு வேளைச் சாப்பாடு மேசைக்கு வருவதற்குள் அவள் எத்தனை தடவை மடங்கி நிமிர்வாள் என்று நான் எண்ண ஆரம்பித்து, கோபம் தலைக்கேறி விட்டுவிட்டேன்.

இதற்குள் அத்தான் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். டாக்டர் கொடுத்த பெட்டியில் இருந்தது ரயிலும் தண்டவாளமும் மட்டும். ஸ்டேஷன் இல்லை, வீடு இல்லை, மரம் மட்டை இல்லை, ஆள் அம்பு இல்லை. கடைகளில் கிடைத்ததெல்லாம் சின்ன ரயிலுக்கான சாமான். இவர் ரயிலுக்குப் பக்கத்தில் அந்த மரத்தை வைத்தால் பெட்டியின் ஜன்னலைக்கூட எட்டாது. பெரிய அளவில் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று ஆகும். அதனால் ஊரில் இருக்கிற எல்லாக் கடையிலும் தனக்கு ஆகிற மாதிரி என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இவருக்கு வேலையாகிவிட்டது. மீன் தொட்டி விற்கிற கடையில் செடிகள். கேக் அலங்காரச் சாமான் கடையில் வெள்ளை வேலி. மருந்துப் பாட்டில் மூடி தண்ணீர்த் தொட்டியானது. டாக்டர்கள் பல் பார்க்கிற கண்ணாடி உடைந்தது, அது முடிதிருத்தும் கடையின் சுவரில் ஏறியது. மலையும் பாறையும் பல் வார்க்கிற மாவில் வந்தன.

அக்காவும் சும்மா இல்லை. டீத்தூள் சக்கையைக் காயவைத்துச் சலித்து மண்ணுக்குக் கொடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து வேலியோரப் புதர் செய்தது அவள்தான். கடையில் விற்கிற புதரெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. "உங்க அத்தானோட சின்ன வீட்டுக்கு நான்தான் செடி வைக்கணும், என் தலையெழுத்தப் பாரு" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

கடைக்குப் போகும்போது அத்தான் சட்டைப் பையில் ஒரு ஆள் இருப்பான். நிஜ மனுஷனில் இருபத்திரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கிலேயே செய்தது. நடுவிரல் உயரம், ஈறு நிறம். எந்தச் சாமானைப் பார்த்தாலும் அவனை வெளியே எடுத்துப் பக்கத்தில் நிறுத்துவார். நாற்காலி என்றால் உட்கார்ந்து பார்ப்பான், விளக்குக் கம்பம் என்றால் அண்ணாந்து பார்ப்பான். அவனுக்கு ஒத்துவந்தால்தான் வாங்குவார். அக்கா அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். "மாப்பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்புங்க" என்பாள்.

ஒரு நாள் நானும் அவர்களோடு பொம்மைக் கடைக்குப் போனேன். நான் துணிக்கடையில் பில் போடுகிறவள், எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை, அதையும் இவர்களுக்குக் கொடுத்தேன். மேல் தட்டில் ஒரு பொம்மை வீடு இருந்தது. ஓட்டுக் கூரை, முன்பக்கம் படி, நிஜமாகவே திறந்து மூடுகிற கதவு. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும், பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்துவிட்ட மாதிரி. மாப்பிள்ளையை எடுத்து வாசலில் நிறுத்தினார். உள்ளே தள்ளினார். தலை மேல்கட்டையில் இடித்தது.

"இடிக்குது" என்றார்.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம்தானே சார். பொம்மைதானே."

"பொம்மைன்னா? அவன் வீட்டுக்குள்ள அவன் நிமிர்ந்து போக வேணாமா? ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு குனிஞ்சா போவான்? வாசல்னா நிமிர்ந்து போகணும்மா. இல்லன்னா யாரு அந்த வீட்டுல இருப்பா?"

அந்தப் பெண் பொறுமையாக வீட்டை எடுத்து மேலே வைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பக்கத்துத் தட்டில் ஒரு பொம்மையின் முடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்காது. இரண்டடி தூரத்தில்தான் நின்றாள்.

"அத்தான், இப்ப சொன்னீங்களே, அதை நீங்களே இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க" என்றேன்.

"என்ன சொன்னேன்?"

நடிப்பில்லை. சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. அக்கா என் கையைக் கிள்ளினாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடக்க, நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ரோஷமே இல்லையாக்கா?"

"விடுடி. குடி இல்ல, சீட்டு இல்ல. ஒரு மனுஷனுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்."

"உனக்கு என்ன வேணும்?"

அவள் முன்னால் போகிறவரைப் பார்த்தாள். "பாலம் சீக்கிரம் கிடைச்சாத் தேவலை" என்றாள்.

இதற்கு மேலும் பொறுப்பதா என்று, அத்தான் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் நானே அந்தத் தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரும்போது மண்டையில் வாங்கிக்கொண்டு, இதைப் போட்டவன் கை விளங்காது என்று திட்டினார். ரம்பத்தை வெளியே எடுத்தார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பத்திரமாக அனுப்பிவைத்துவிட்டாள். "அவர் வந்து பார்த்தா மனசு ஒடிஞ்சுபோயிடும்" என்றாள். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு அவள் மேல் திரும்பியது.

அவர்களுடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனிடம் போனில் சொன்னேன். "சித்தி, அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்ல. நீங்க ஏன் இதைப் பெருசு பண்றீங்க" என்றான். ஒட்டுமொத்தக் குடும்பத்தில் நான்தான் வாயாடி என்று முடிவாயிற்று.

பிறகு அக்காவுக்கு முதுகு வலி வந்தது. இரண்டு மூன்று வருஷம் விட்டு விட்டு இருந்தது, பிறகு விடாமல் இருந்தது. அத்தான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார், நானும் கூடப் போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு தேய்ந்திருக்கிறது, வயசாகிறது என்றார். குனிந்து நிமிர்வதைக் குறைக்கச் சொன்னார். "வீட்டுல குனியிற வேலை நிறைய இருக்காம்மா?" என்று கேட்டார்.

"சமையல்கட்டுக்குப் போறதே குனிஞ்சுதான் டாக்டர்" என்றாள் அக்கா.

"அவ்ளோ தாழ்வாவா கட்டியிருக்காங்க? சார், நிலையைக் கழட்டி உயரமா வைக்கச் சொல்லுங்க முதல்ல."

"பார்த்துக்கலாம் டாக்டர்" என்றார் அத்தான். கவலையோடுதான் சொன்னார், பொய் இல்லை. மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அடுத்த வாரம் நான் போனபோது, பெருமையாக என்னைச் சமையலறை வாசலுக்கு அழைத்துப் போய் அடியில் காட்டினார். பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கனமான பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது.

"இனி தலை பட்டாலும் வலிக்காது. மலைக்குன்னு வாங்கி வச்ச மெத்தை. போனாப் போகுதுன்னு இவளுக்காகப் போட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். "அத்தான், பலகையக் கழட்டி ஓரமா வைங்க. பாலம் வரும்போது வரட்டும்."

"நானா வேணாம்ங்கறேன்? அது வளைவு ஆரம்பிக்கிற இடம்மா. எடுத்து எடுத்து மாட்டினா ஒரு நூல் விலகும். ஒரு நூல் விலகினாப் போதும், பெட்டி கவுந்துடும்."

"கவுந்தா என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. ரயில் கவிழ்ந்தால் என்ன என்று கேட்கிறவளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று நினைத்திருப்பார். என் பேச்சு கிணற்றில் போட்ட கல். அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அக்காதான் என் வீட்டுக்கு வந்து போனாள். வலி இப்போது அவ்வளவாக இல்லை என்றாள். எல்லாம் மெத்தை போட்டதனால்தான் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

பாலம் கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. யாரோ இடித்த வீட்டின் ஜன்னல் கிராதி. மெல்லிய பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அசல் பாலத்தின் பக்கச் சட்டம் போலவே இருந்ததாம். மாப்பிள்ளையை உள்ளே நிறுத்திப் பார்த்தாராம், தலைக்கு மேல் தாராளமாக இடம். அங்கேயே கண் கலங்கிவிட்டது என்று அக்கா சொன்னாள். அதை வெட்டி, ராவி, ஒட்டி, துரு நிறம் அடித்து, மறுபக்கம் ஈயக் குண்டு கட்டி எடையைச் சரிசெய்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும், பாலம் பூ மாதிரி மேலே எழும்பும். இறக்கினால் தண்டவாளம் ஒரு நூல்கூட விலகாமல் உட்காரும். அவர் கைவேலையை நான் என்றைக்குமே குறை சொன்னதில்லை.

பாலத் திறப்புக்கு வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எல்லாரும் இதே பைத்தியம்தான், வீட்டில் ரயில் வைத்திருப்பவர்கள். என்னையும் வரச் சொல்லி அக்கா போன் செய்தாள். "இனியாவது உன் வாய் ஓயட்டும், வந்து பாரு" என்றாள். மத்தியானம் போனேன். அத்தான் தேய்த்த சட்டை போட்டு, பையில் மாப்பிள்ளையோடு நின்றார். வந்தவர்கள் பலகை மேல் இருந்த ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஸ்டேஷன், கடைத்தெரு, முடிதிருத்தும் கடை, மலை. ஒருத்தர் குனிந்து ஒரு வீட்டு வாசலைக் காட்டி, "எல்லாக் கதவும் ஆள் உயரத்துக்கு எவ்ளோ சரியா இருக்கு, நாங்க யாரும் இவ்ளோ பார்க்கிறதில்ல சார்" என்றார். அத்தானுக்கு அதைவிடப் பெரிய விருது யாரும் கொடுக்க முடியாது.

"ரயில் விடறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு" என்றார். "இந்தப் பாலத்துக்காக அதிகமாக் காத்திருந்தது என் வீட்டுக்காரிதான். முதல்ல அவ வரட்டும்." சமையலறைப் பக்கம் திரும்பி, "டீயை எடுத்துட்டு வா, கீழ வைக்காத, கையிலயே எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டார். ஒரு விரலால் பாலத்தைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் மேலே போய் நின்றது. வந்தவர்கள் கை தட்டினார்கள். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன். வாசல் முழுசாகத் திறந்து கிடந்தது. எத்தனை வருஷம் கழித்து.

அக்கா கையில் தட்டோடு வந்தாள். குனிந்தபடி வந்தாள்.

"நிமிர்ந்து வா. பாலம் தூக்கியிருக்கு பாரு."

"தெரியுதுங்க" என்றாள். அப்படியேதான் வந்தாள்.

அத்தான் விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பழக்கதோஷம். இத்தனை வருஷமாக் குனிஞ்சு குனிஞ்சு அப்படியே வருது." மறுபடி அவளிடம் திரும்பினார். "ஒண்ணும் இடிக்காதும்மா. பயப்படாம நல்லா நிமிர்ந்து வா."

அக்கா வாசலுக்கு நடுவில் நின்றாள். முகத்தை மட்டும் தூக்க முடிந்த அளவுக்குத் தூக்கி அவரைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நிமிர்ந்துதாங்க வர்றேன்."

வந்தவர்களில் ஒருத்தர் வேகமாகப் போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். நான் அவளை மாதத்துக்கு நாலு தடவை பார்க்கிறவள். அவள் முதுகு வளைந்துகொண்டு வந்ததை நானும் பார்த்துப் பார்த்தே பார்க்காமல் விட்டிருக்கிறேன். வலி இல்லை என்றாளே, அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். வலி போய்விட்டது, வளைவு அப்படியே தங்கிவிட்டது.

அத்தான் கண் வாசலின் மேல்கட்டையிலிருந்து மெல்ல இறங்கி அவள் தலையில் வந்து நின்றது. கடையில் சாமானை அளவு பார்க்கிற அதே கண். கட்டைக்கும் அவள் தலைக்கும் நடுவில் இருந்த இடத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று ஒருத்தர், பாலம் பிரமாதம் சார் என்றார். அன்றைக்கு ரயிலும் ஓடியது. பெட்டி எதுவும் கவிழவில்லை.

டாக்டரைக் கேட்டால் இப்போதும் எலும்புத் தேய்மானம்தான் என்கிறார், பலகை இல்லாவிட்டாலும் வந்திருக்கலாம் என்கிறார். இருக்கட்டும். எனக்கு மனசு ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை. அத்தான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா எழுந்து நடக்கிற சத்தம் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவந்து பாலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது தானாகவே நிற்கும், பிடிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பிடித்துக்கொள்கிறார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடியில் போகிறாள்.

அவர் தூக்காவிட்டாலும் அவள் போய்விடுவாள். இப்போது அவள் இருக்கிற உயரத்துக்கு அந்தப் பாலம் இடிக்காது.